கர்நாடகக் கச்சேரிக்கு மைக் தேவையா? (விவாதம்)

காத்தோங் ரசிகன்:
நேராகவே கேட்டுவிடுகிறேன். நம் சிங்கப்பூரின் எஸ்பிளனேட் இசையரங்கில் ஏறத்தாழ 1,600 இருக்கைகள். அங்கே ஒரு ஓபரா பாடகி முழு இசைக்குழுவுக்கு முன்னால் நின்று, மைக் இல்லாமல், கடைசி வரிசைவரை குரலைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறார். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபராவில் 3,700க்கும் மேல் இருக்கைகள். அங்கேயும் பாடகர்கள் அப்படித்தான் பாடுகிறார்கள். நாமோ 200 பேர் உட்காரும் மன்றத்தில்கூட ஆளுக்கொரு மைக், இரண்டு பக்கமும் ஸ்பீக்கர், பாடுபவருக்குத் தன் குரல் கேட்கக் காலடியில் மானிட்டர் ஸ்பீக்கர் என்று வைத்துக்கொண்டிருக்கிறோம்.

போன மாதம் ஒரு கச்சேரியில் மூன்றாவது வரிசையில் இருந்தேன். பாடகர் எனக்கு நேர் எதிரே உட்கார்ந்திருக்கிறார், குரலோ இடப்பக்கச் சுவரில் தொங்கும் பெட்டியிலிருந்து வருகிறது. வயலினும் அதே பெட்டியிலிருந்துதான். மிருதங்கத்தில் தொப்பியின் (இடப்பக்கத் தோலின்) கும்கி, அந்த வழுக்கிக்கொண்டு ஏறும் நாதம், வெறும் 'தொம் தொம்' என்று நெஞ்சில் இடித்தது. வலந்தலையின் (வலப்பக்கத் தோலின்) மீட்டு காதில் குத்தியது. கைக்கெட்டும் தூரத்தில் இருந்த கலைஞர்களை வானொலியில் கேட்டதுபோல் வீடு திரும்பினேன்.

எஸ்பிளனேடிலேயே 245 இருக்கையுள்ள சிறிய அரங்கு இருக்கிறது. அங்கே ஒரு கர்நாடகக் கச்சேரித் தொடரை முழுக்க மைக் இல்லாமல் நடத்திப் பார்க்கலாமே. சென்னையில் சின்ன அரங்குகளில் செய்துகாட்டியிருக்கிறார்கள். நம்மால் ஏன் முடியாது?

ஒலிமேடை:
அண்ணே, ஸ்பீக்கர் பக்கத்துல நிக்கிறவன் நான். கோவில், சமூக மன்றம், பெரிய அரங்கு எல்லா இடத்துலயும் கச்சேரிக்கு ஒலி அமைக்கிறேன். நீங்க சொன்ன குறை நிஜம். ஆனா குற்றவாளி மைக் இல்ல.

என்ன நடக்குதுன்னு சொல்றேன். கச்சேரிக்கு அரை மணி நேரம் முன்னாடிதான் கலைஞர்கள் வர்றாங்க. பாடுறவர் "மானிட்டர்ல என் வாய்ஸ கொஞ்சம் ஏத்துங்க"ம்பார், ஏத்துவோம். அது மிருதங்க மைக்குக்குள்ளயும் போகும். உடனே மிருதங்கக்காரர் "எனக்கு என் சத்தமே கேக்கலை"ம்பார். அவருக்கு ஏத்துனா வயலின் கை காட்டும். மூணாவது பாட்டுக்குள்ள மேடையில இருக்கிற சத்தமே அரங்கத்த நிறைச்சிரும். சபைக்குப் போற ஸ்பீக்கர அதுக்கு மேல ஏத்தாம எனக்கு வேற வழியே இல்ல. மைக்க எடுத்துட்டா இந்தப் பழக்கம் போயிருமா? மிருதங்கம் குரல அமுக்கிட்டுப் போகும், அவ்வளவுதான். ஒழுங்கா ஒரு மணி நேரம் ஒலிச் சோதனைக்குக் கொடுங்க, மானிட்டர பாதியா குறைக்க ஒத்துக்கோங்க, அப்புறம் பேசுவோம்.

ஈசூன் வீணை:
காத்தோங் ரசிகன் அவர்களுக்கு வணக்கம். வீணை ஆசிரியை என்ற முறையில் இந்த யோசனையை எதிர்க்கிறேன்.

வீணையில் ஒருமுறை மீட்டிவிட்டு, அந்த ஒரே மீட்டில் தந்தியை இழுத்து நாலைந்து சுரங்களைப் பேச வைப்போம். மீட்டின சத்தம் கடைசி வரிசைக்கும் போகும். அதற்குப் பிறகு தேய்ந்துகொண்டே வரும் கமகம், அதாவது சுரத்தின் அசைவு, மூன்று வரிசையைத் தாண்டாது. வீணையின் உயிரே அந்தத் தேய்மானத்தில்தான் இருக்கிறது. மைக்கை எடுத்துவிட்டால் நாலாவது வரிசைக்காரருக்குக் கிடைப்பது மீட்டு மட்டும்தான்.

குரலுக்கும் இதையேதான் சொல்வேன். மைக் பரவுவதற்கு முன் யார் மேடையேற முடிந்தது? கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் நாடக மேடையில் உச்ச ஸ்தாயியில் கணீரென்று பாடி ஆயிரக்கணக்கானவர்களைக் கட்டிப்போட்டார்கள். அவர்களை வணங்குகிறேன். ஆனால் அந்தக் கணீர்க் குரல் இல்லாதவருக்கு அன்று பெரிய மேடை ஏது? கர்நாடகப் பாடகர் எம்.டி. ராமநாதனின் அடிவயிற்றுச் சுருதியையும், அந்த நிதானத்தையும், பாதி மூச்சில் வந்து விழும் சொற்களையும் மைக் இல்லாமல் ஒரு பெரிய சபை கேட்டிருக்குமா? டி.கே. பட்டம்மாளின் கனத்த, தாழ்ந்த குரலுக்கும் அதே கேள்விதான். உரத்த குரல்தான் நல்ல குரல் என்ற தீர்ப்பிலிருந்து நம்மை விடுவித்தது மைக். அந்தத் தீர்ப்பை ஓபராவிடமிருந்து திரும்பக் கடன் வாங்க வேண்டாம்.

இரண்டு குரல்:
இங்கே மேற்கத்தியக் குரலிசை படிக்கிறேன், வாரக்கடைசியில் கர்நாடக சங்கீத வகுப்புக்கும் போகிறேன். டீச்சர் சொன்ன ஒன்றைத் திருத்த வேண்டும். ஓபரா பாடகர் கத்துவதில்லை.

இசைக்குழுவின் சத்தம் 500 ஹெர்ட்ஸ் பக்கத்தில்தான் அதிகம், அதற்கு மேலே போகப் போகக் குறைந்துவிடும். தேர்ந்த ஆண் குரல் தொண்டையை இறக்கி வைத்துக்கொண்டு, 3,000 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் தன் பலத்தைக் குவிக்கும். இசைக்குழு அங்கே மெலிந்திருக்கும், மனிதக் காதுக்கோ அங்கேதான் கூர்மை அதிகம். சுவீடன் ஆய்வாளர் யோஹான் சுண்ட்பெரி 1970களிலேயே இதை விளக்கிவிட்டார். உச்சத்தில் பாடும் பெண் குரல்கள் வேறு வழியில் போகும்: சுரத்துக்கு ஏற்ப வாயைத் திறந்து, வாயறையின் ஒலிப்பைச் சுரத்தோடு பொருத்திக்கொள்வார்கள். ஆகவே இது பலம் இல்லை, இடம் பார்த்து வைப்பது.

ஆனால் இதற்கு விலை உண்டு, அந்த விலையைக் கர்நாடக சங்கீதத்தால் கொடுக்க முடியாது. முதலாவது, சொல். மேலே போகப் போக இகரமும் உகரமும் ஆகாரத்தின் பக்கம் சாய்ந்துவிடும். சாகித்யத்தை, பாட்டின் சொல்லை, உயிராக நினைக்கும் சபையில் அதை எப்படி ஏற்பது? இரண்டாவது, அசைவு. பயிற்சி பெற்ற ஓபரா குரல் நொடிக்கு ஐந்தாறு முறை விடாமல் அசைந்துகொண்டே இருக்கும். சங்கராபரண ராகத்தில் காந்தாரம் ('க' சுரம்) அசையாமல் நிற்க வேண்டும், தோடி ராகத்தில் அசைந்தே ஆக வேண்டும். எல்லாச் சுரமும் ஒரே மாதிரி அசைந்தால் ராகம் எங்கே? என் இரண்டு ஆசிரியர்களும் என்னிடம் நேர் எதிராகக் கேட்பது இதைத்தான். காலையில் ஒன்று, மாலையில் மற்றொன்று என்று தொண்டையை மாற்றுவது லேசில்லை.

அப்படியிருந்தும் நான் காத்தோங் அண்ணன் பக்கம்தான். இங்கே பிள்ளைகள் பாட்டுப் போட்டிக்கு முதல்நாளே மைக்கைப் பிடித்துக்கொண்டு பழகுகிறார்கள். மூச்சு பாதியில் நின்றாலும் மைக் மூடி மறைத்துவிடுகிறது. ஆண்டுக்கு ஒரு தடவையாவது 245 பேர் முன்னால் வெறுங்குரலில் பாடியாக வேண்டும் என்றால், வகுப்பிலேயே அகார சாதகம் ('ஆ' என்று பாடிக் குரலைப் பழக்கும் பயிற்சி) மாறும்.

காத்தோங் ரசிகன்:
தம்பியோ தங்கையோ, நன்றி. ஓபரா குரலை நான் கேட்கவே இல்லை. நம் குரலை அதன் இயல்பான அளவில் கேட்கத்தான் ஆசை. டீச்சர், எம்.டி. ராமநாதனைப் பற்றி நீங்கள் சொன்னது பெரிய சபைக்குப் பொருந்தும். நான் கேட்பது சிறிய அறை. 1,600 பேர் அரங்கில் மைக்கை எடு என்று நான் சொல்லவில்லை.

நாதஸ்வரத்தையும் நினைத்துப் பாருங்கள். வீதியில் சுவாமி புறப்பாட்டுக்குப் பிறந்த வாத்தியம் அது. ஏசி போட்ட மண்டபத்தில் அதற்கு முன்னாலும் மைக் வைக்கிறார்களே, யாருக்காக?

ஒலிமேடை:
நாதஸ்வரத்துக்கு மைக் வேண்டாம், அதுல உங்க பக்கம்தான்.

ஆனா ஓபராவ ரொம்ப உயரத்துல தூக்கி வெக்காதீங்க. நியூயார்க் சிட்டி ஓபரா 1999ல தன் அரங்கத்துல மின்னொலி உதவி வெச்சப்ப பெரிய சண்டையே நடந்துச்சு. அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் ஆடம்ஸ் தன் ஓபரா பாடகர்களுக்கு மைக் வேணும்னே எழுதுற ஆளு. திறந்தவெளியில பெரிய கூட்டத்துக்குப் பாடும்போது அவங்களும் மைக்தான்.

இன்னொண்ணு, அவங்க அரங்கத்தையே குரலுக்காகக் கட்டுனாங்க. ஜெர்மனியில பைராய்ட் அரங்கத்துல 1876லயே இசைக்குழுவ மேடைக்கு அடியில குழிக்குள்ள இறக்கி, மேல மூடியும் போட்டு, குரல முன்னாடி விட்டாங்க. நம்ம ஊர்லயும் எஸ்பிளனேட் இசையரங்கத்துல மேடைக்கு மேல ஏறி இறங்குற ஒலிக்கூரை, சுத்தி எதிரொலி அறைகள், இழுத்துவிடுற திரைகள் எல்லாம் இருக்கு. ஆனா சிம்பொனிக்கு நல்லா இருக்கிற நீண்ட எதிரொலி, நம்ம வேகமான மேல்கால சுரங்களக் கஞ்சியாக்கிரும். மிருதங்கம் தனியா வாசிக்கிற தனி ஆவர்த்தனத்துல, ஃபரன்னு சொல்ற வேகமான சொற்கட்டு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். திரைய முழுசா இறக்கி அறைய உலர்த்துனா சொற்கள் தெளியும், ஆனா குரலுக்கு அறை கொடுக்குற தாங்கல் போயிரும். அப்ப பாடகர் தொண்டைய அழுத்துவார்.

தேக்கா மாமி:
நீங்கள் எல்லோரும் இளங்காது உள்ளவர்கள். எனக்கு எழுபது தாண்டிவிட்டது, ஒரு காது பாதிதான். கச்சேரிக்கு வருகிற கூட்டத்தைத் திரும்பிப் பாருங்கள், பாதிப் பேர் என் வயது. பேரனைக் கெஞ்சி, எம்ஆர்டி ரயில் ஏறி, இறங்கி நடந்து வந்து உட்காருகிறோம். அங்கே பாடகர் உதடு அசைவது மட்டும் தெரிந்தால் எனக்கு எப்படி இருக்கும்? சுத்தமான நாதம் என்று பேசும்போது இந்தக் காதுகளையும் கணக்கில் சேருங்கள்.

இரண்டு குரல்:
பாட்டி, இதற்கு என்னிடம் சுலபமான பதில் இல்லை. முதல் மூன்று வரிசையை மூத்தவர்களுக்கு என்று ஒதுக்கலாம். காதுக்கருவி அணிந்தவர்களுக்கு மட்டும் ஒலியை நேராக அனுப்பும் ஏற்பாட்டையும் கேட்டுப் பார்க்கலாம். அறைக்குள் ஸ்பீக்கர் தேவையில்லை.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். ஓபரா பாடகர் பொதுவாக அடுத்தடுத்த இரவுகளில் முக்கியப் பாத்திரம் பாட மாட்டார், தொண்டைக்கு ஓய்வு கொடுப்பார். நம் வித்வான் தனியாக இரண்டரை மணி நேரம் பாடுகிறார், மார்கழியில் அடுத்தடுத்த நாள் கச்சேரி. மைக் இல்லாவிட்டால் கச்சேரி ஒன்றேகால் மணி நேரம்தான் என்று அழைப்பிதழிலேயே போட வேண்டும். ராகம் தானம் பல்லவி ஒன்றும் இரண்டு கீர்த்தனையும் போதும்.

காத்தோங் ரசிகன்:
ஒப்புக்கொள்கிறேன். ஒன்றேகால் மணி நேரம். நிஜத் தம்புரா, மின்சாரச் சுருதிப் பெட்டி கிடையாது. கஞ்சிராவோ கடமோ கூடுதல் தாளவாத்தியமாக வேண்டாம், மிருதங்கம் மட்டும். பாடகரும் பக்கவாத்தியமும் ஒருவரை ஒருவர் பார்த்து நெருங்கி உட்கார வேண்டும். ஒலிமேடை தம்பி சொன்ன மானிட்டர் சண்டை அப்போதுதான் தீரும்: பாடகர் குரல் கேட்கவில்லை என்றால் மிருதங்கம் தானே கையை அடக்கும்.

ஒலிமேடை:
அடக்கும்னு நம்புறீங்க. அடக்குற மிருதங்கக்காரர் யாருன்னு எனக்கு ரெண்டு மூணு பேரத் தெரியும், தனியாச் சொல்றேன். ஏசி காத்தோட இரைச்சல முதல்ல அளந்து பாருங்க. மைக் இல்லாத கச்சேரியில அதுதான் முதல் எதிரி. நான் காலையிலயே வந்து அறையில கைதட்டிப் பார்த்து, எந்தத் திரை எவ்வளவு இறங்கணும்னு சொல்லிட்டுப் போறேன். ஆனா கோவில் கச்சேரிக்கும் சமூக மன்றத்துக்கும் இதையே கொண்டுவரப் பார்த்தீங்கன்னா நான் எதிர்ப்பேன்.

ஈசூன் வீணை:
குரலுக்கு நடத்துங்கள், வந்து கேட்கிறேன். வீணைக் கச்சேரியை இந்தத் தொடரில் சேர்த்தால் நாற்பது பேருக்கு மேல் நுழைவுச்சீட்டு விற்கக் கூடாது. அந்த நாற்பது பேரும் வீணையைச் சுற்றித் தரையில் உட்கார வேண்டும். 245 இருக்கை அரங்கில் என் மாணவியை மைக் இல்லாமல் உட்கார வைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

காத்தோங் ரசிகன்:
நாற்பது பேருக்கு எஸ்பிளனேட் வாடகை கட்டுப்படியாகாது டீச்சர். வீணைக்கு வேறு இடம் தேடுகிறேன். யாருக்காவது தேக்கா பக்கம் ஏசி இரைச்சல் இல்லாத, தரை மரமாக உள்ள நடன வகுப்பறை தெரிந்தால் எழுதுங்கள்.