விளிம்பில் இருந்த தங்கக் கோடு: சீன எனாமல் பூக்கிண்ணங்களும் நாங்களும்

பினாங்கிலிருந்து:
1974-ஆம் ஆண்டு தீபாவளிக்கு முந்தைய வாரம், அடுத்த வீட்டு நியோன்யா (மலாய் வழக்கங்கள் கலந்த சீன வம்சாவளிப் பெண்) பாட்டி, இளஞ்சிவப்புத் தரையில் பியோனிப் பூக்களும் ஃபீனிக்ஸ் பறவையும் தீட்டிய தம் வீட்டுக் கிண்ணத்தில் புபோர் சாச்சா (தேங்காய்ப்பால் பாயசம்) கொடுத்தனுப்பினார். வெறும் பாத்திரத்தைத் திருப்பித் தரக் கூடாது என்று அம்மா அதில் அதிரசம் அடுக்கினார். அதற்கு முன், குத்துவிளக்கைத் துலக்குவது போலவே புளியும் சாம்பலும் போட்டு, தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்திருந்தார். கொண்டுபோய்க் கொடுத்தவன் நான். பாட்டி அதிரசத்தைப் பார்க்கவில்லை. கட்டைவிரலால் விளிம்பை ஒரு சுற்றுத் தடவினார். அங்கிருந்த தங்கக் கோட்டில் பாதிக்கு மேல் போயிருந்தது. "தாக் அபா" (பரவாயில்லை) என்று மலாயில் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அந்தக் கட்டைவிரல் சுற்றிவந்தது இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

இலண்டனிலிருந்து:
பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் 95-ஆம் அறையில், பெர்சிவல் டேவிட் சீனப் பீங்கான் தொகுப்பில், யோங்செங் மன்னர் காலத்துக் (1723–1735) கிண்ணம் ஒன்றின் முன் நின்றிருந்தேன். ஒரு பக்கம் பூங்கொத்து, மறுபக்கம் கறுப்பு மசியில் எழுதியது போன்ற கவிதை வரி. அருகில் நின்ற சீன முதியவர் ஒருவர் அவ்வரியை முணுமுணுவென்று வாசித்து, கடைசி எழுத்தில் சற்றே நிறுத்தினார். பொருள் கேட்கலாம் என்று நான் திரும்புவதற்குள் அடுத்த பேழைக்கு நகர்ந்துவிட்டார். கேட்டிருக்கலாம். பினாங்கு நண்பரின் வருத்தம் புரிகிறது. ஆயினும் நியோன்யாக் கிண்ணங்கள் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் அதற்குப் பிறகும் விசேஷங்களுக்காக வரவழைக்கப்பட்ட வீட்டுச் சரக்கு. நான் பார்த்ததோ, பெய்ஜிங் அரண்மனைப் பட்டறையில் வண்ணம் தீட்டப்பட்ட ஃபாலாங்சாய் வகை. அதனோடு அவற்றைச் சேர்த்துப் பேசுவது பொருந்தாது.

சிங்கப்பூரிலிருந்து:
ஏன் பொருந்தாது? ஃபாலாங்சாய்க்கும் வெள்ளைக் கிண்ணம் சீனாவின் பீங்கான் ஊரான ஜிங்தெசென் சூளையிலிருந்துதான் போயிற்று. நியோன்யாக் கிண்ணமும் அதே ஊர்ச் சரக்குதான். அந்த இளஞ்சிவப்பு, இரண்டிலும் மிக நுண்ணிய தங்கத் துகளால் வருவது. 2018-இல் ஹாங்காங்கில் காங்ஷி மன்னர் காலத்து இளஞ்சிவப்புக் கிண்ணம் ஒன்று ஏறத்தாழ 24 கோடி ஹாங்காங் டாலருக்கு ஏலம் போனதிலிருந்து, ரோஜா நிறத்தில் எதைக் கண்டாலும் அரண்மனைச் சரக்கா என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. நானும் அப்படித்தான், அடியில் சியன்லோங் மன்னரின் முத்திரை இருந்ததை நம்பி ஒன்றை வாங்கினேன். மதிப்பீட்டாளர் முத்திரையைப் படிக்கக்கூட இல்லை, அடிவளையத்தை நகத்தால் ஒருமுறை கீறிப் பார்த்துவிட்டு என்னிடமே நீட்டினார். முத்திரை மன்னரின் பெயரைச் சொல்லும், செய்த ஆண்டைச் சொல்லாது. பழைய மன்னர்களின் முத்திரையைப் பிற்காலத்தார் தாராளமாகப் போட்டிருக்கிறார்கள்.

இதைப் படிப்பவர்கள் வீட்டில் இத்தகைய கிண்ணம் இருந்தால் தயவுசெய்து கவனியுங்கள். பீங்கான் ஏறத்தாழ 1300 பாகை செல்சியஸ் வெப்பத்தில் வேகிறது. பூவோ, அதன் மெருகுக்கு மேல் தீட்டப்பட்டு, 700 அல்லது 800 பாகையில் மறுபடி சுடப்படுவது. ஆகவேதான் இதழ் விரலுக்குத் தடிப்பாகப் படுகிறது, ஆகவேதான் எளிதில் தேய்ந்தும் போகிறது. தங்கம் அதைவிட மென்மையாகப் பிடித்திருப்பது. மைக்ரோவேவிலோ பாத்திரம் கழுவும் இயந்திரத்திலோ வைக்கவே வைக்காதீர்கள். எனாமலில் ஈயம் உண்டு, எனவே ரசம், ஊறுகாய் போன்ற புளிப்பான எதையும் அதில் ஊற்றக் கூடாது. தொட்டியின் அடியில் துணி விரித்து, வெதுவெதுப்பான நீரில் ஒவ்வொன்றாகக் கழுவுங்கள். கீறல் விட்டிருந்தால் நீங்களே பசை போட்டு ஒட்டாதீர்கள். ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்குவதும் தவறு. அடுக்கியே தீர வேண்டுமென்றால் நடுவில் மெல்லிய துணியாவது வையுங்கள்.

பினாங்கிலிருந்து, மீண்டும்:
கழுவும் முறையை நான் கேட்கவில்லை, ஐயா. அம்மாவும் இல்லை, பாட்டியும் இல்லை. கிண்ணம் யாரிடம் போயிற்றோ. சொல்ல விட்டது ஒன்று உண்டு: அடுத்த ஆண்டு தீபாவளிக்கும் புபோர் சாச்சா அதே கிண்ணத்தில்தான் வந்தது. அம்மா அதைக் கழுவவே இல்லை, துணியால் ஒற்றியெடுத்து அதிரசம் வைத்தார்.