சமையல் மேடைக்கு எந்தக் கல்? வெள்ளவத்தைத் தொடர்மாடி வீட்டுக்கு ஆலோசனை தேவை

கேள்வி – வெள்ளவத்தையிலிருந்து

வணக்கம். காலி வீதிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள தொடர்மாடி வீடொன்றில் வசிக்கிறோம். பழைய பான்ட்ரி அலுமாரிகளைக் கழற்றிவிட்டுச் சமையலறையைப் புதிதாக அமைக்கத் தீர்மானித்துள்ளோம். இப்போதுள்ள மேடை வெளிர்சாம்பல் நிறக் கிரனைட். சிங்கைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு, ஈரம் காயாததுபோல் ஒரு கருமை படிந்திருக்கிறது. அதன் ஓரம் மஞ்சளாகவும் மாறிவிட்டது. பார்க்க வந்த மேசன், மறுபடி பொலிஷ் செய்தால் போய்விடும் என்கிறார். கல் விற்கும் கடையிலோ, கிரனைட் என்றால் இப்படித்தான், வெள்ளைக் குவாட்ஸ் போடுங்கள், அதில் தண்ணீர் ஊறாது என்கிறார்கள். மாமிக்கு மாபிளில்தான் விருப்பம்.

எங்கள் வீட்டில் அன்றாடம் தேங்காய் துருவி, புளி கரைத்து, தேசிக்காய் பிழிந்துதான் சமையல். அடுப்பிலிருந்து இறக்கும் தாச்சியை நேரே மேடையில் வைத்துவிடும் பழக்கமும் உண்டு. ஜன்னல் மேற்குப் பக்கம். பின்னேர வெயில் மேடையில் நன்றாக விழும். அந்தக் கருமைக்குக் காரணம் என்ன, புதிய மேடைக்கு எது பொருந்தும் என்று அனுபவமுள்ளவர்கள் கூறினால் உதவியாக இருக்கும்.

பதில் – தெஹிவளையிலிருந்து, கல் பொருத்தும் தொழிலில் இருப்பவர்

சகோதரி, இந்தக் கருமை பொலிஷுக்குப் போகாது. கிரனைட்டின் மேற்பரப்பைத்தான் பளபளப்பாகத் தேய்க்கிறார்கள். சிங்குக்காக வெட்டிய துவாரத்தின் விளிம்பும் கல்லின் அடிப்பக்கமும் பெரும்பாலும் சொரசொரப்பாகவே விடப்படுகின்றன. சிங்கைச் சுற்றிப் பூசிய சிலிக்கன் நாளடைவில் விட்டுப்போக, தண்ணீர் அந்த வெட்டு விளிம்பின் வழியே கல்லுக்குள் ஊறி, மேலே கருமையாகத் தெரிகிறது. வெளிர்நிறக் கற்கள் சிலவற்றில் உள்ள இரும்புக் கனிமங்கள் ஈரத்தில் துருவேறுவதால்தான் அந்த மஞ்சள் வரும்.

உறுதிசெய்துகொள்ள, சிங்கைச் சில நாட்கள் பாவிக்காமல் விட்டு, கீழ் அலுமாரிக் கதவுகளைத் திறந்துவைத்து, ஒரு மேசை விசிறியை அந்தப் பக்கம் திருப்பிவிடுங்கள். கருமை வெளிறத் தொடங்கினால் காரணம் தண்ணீர். அப்படியே நின்றால் எண்ணெய் இறங்கியிருக்கலாம். தண்ணீர்தான் என்றால், கல்லை மட்டும் மாற்றுவதில் பயனில்லை. புதிய கல்லில் சிங்க் வெட்டின் விளிம்புக்கும் அடிப்பக்கத்துக்கும் பொருத்துவதற்கு முன்பே சீலர், அதாவது கல்லுக்குள் ஈரம் ஊறாமல் தடுக்கும் பூச்சு, பூசச் சொல்லுங்கள். பொருத்திய பிறகு அந்த இடங்களுக்குத் தூரிகை போகாது. சிங்கின் கீழுள்ள அலுமாரிப் பலகை எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்யும் பலகை) என்றால் அது இந்நேரம் உப்பியிருக்கும். அந்தப் பகுதிக்காவது அலுமினியமோ தண்ணீர் தாங்கும் பிளைவுட்டோ போடுவது நல்லது.

பதில் – கொட்டாஞ்சேனையிலிருந்து, உள்ளக அலங்கார வேலை செய்பவர்

மேலே சொன்னது முற்றிலும் சரி. தேர்வைப் பற்றி என் கருத்தைச் சொல்கிறேன்.

மாபிள் சுண்ணாம்புக் கல்லின் இனம். அதாவது கல்சியம் காபனேற்று. தேசிக்காய்ச் சாறும் புளிக்கரைசலும் பட்ட இடத்தில் அமிலம் கல்லையே அரித்து, பளபளப்பற்ற ஒரு தடத்தை விட்டுவிடும். அது கறையன்று, ஆகவே எந்தச் சீலரும் அதைத் தடுக்காது. உங்கள் சமையலுக்கு மாபிள் வேண்டவே வேண்டாம்.

குவாட்ஸ் என்று விற்கப்படுவது, ஏறத்தாழ 90 வீதம் குவாட்ஸ் தூளையும் மணிகளையும் பிசினுடன் சேர்த்து அழுத்திச் செய்யப்படும் பலகை. தண்ணீர் ஊறாது என்று கடைக்காரர் சொன்னது உண்மைதான். ஆனால் அவர் சொல்லாமல் விட்டவை இரண்டு: அந்தப் பிசின் சுமார் 150 பாகை செல்சியசுக்கு மேல் தாங்காது, வெயிலில் மஞ்சளாகும். வடை பொரிக்கும் எண்ணெயே 180 பாகை வரை சூடேறும். தாச்சியை நேரே வைக்கும் வீட்டில், அதுவும் மேற்கு வெயில் விழும் மேடையில், வெள்ளைக் குவாட்ஸை நான் போடமாட்டேன்.

நெருக்கமான மணிகளுள்ள கறுப்புக் கிரனைட்டே உங்களுக்குப் பொருந்தும். ஆந்திராவின் ஓங்கோல் பக்கமிருந்து வரும் பிளாக் கலக்சி போன்றவை தண்ணீரை மிகக் குறைவாகவே உறிஞ்சுகின்றன. ஆயினும் பெயரை நம்பி வாங்காதீர்கள். கடையில் ஒரு துண்டைக் கேட்டு வாங்கி வந்து, தண்ணீரையும் தேங்காய் எண்ணெயையும் தேசிக்காய்ச் சாற்றையும் துளித்துளியாக விட்டு ஓர் இரவு வையுங்கள். சாம்பல் நிறக் கல்லுக்குச் சாயமேற்றிக் கறுப்பு என்று விற்பதும் உண்டு; நகப்பூச்சை அழிக்கும் அசிட்டோனை வெள்ளைத் துணியில் நனைத்துத் தேய்த்தால், துணியில் கறுப்பு ஏறுகிறதா என்று தெரிந்துவிடும்.

பதில் – பம்பலப்பிட்டியிலிருந்து

தங்கச்சி, தேங்காய் எதில் துருவுகிறீர்கள்? மேசை விளிம்பில் திருகிப் பூட்டும் திருவலை என்றால், அதை இப்போதே கையோடு எடுத்துச் சென்று பாஸிடம் காட்டுங்கள். இப்போது அழகுக்காக விளிம்பில் இன்னொரு கல்லை ஒட்டி 40 மில்லிமீற்றர் தடிப்பாகக் காட்டுகிறார்கள். பல திருவலைகளின் வாய் அந்தத் தடிப்புக்குத் திறக்காது. வெறும் 20 மில்லிமீற்றர் விளிம்பில் பூட்டினாலோ, இறுக்கும்போது கல் நுனி தெறிக்கலாம். இடையில் ஒரு றப்பர்த் துண்டு வைக்கவேண்டும். எங்கள் வீட்டில் மூலையில் ஒரு முழ நீளத்துக்குப் பலாப்பலகை போட்டிருக்கிறோம். திருவலையும் இறைச்சி வெட்டுவதும் அதில்தான்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. விசிறி வைத்ததில் கருமை வெளிப்பக்கத்திலிருந்து சுருங்கத் தொடங்கியிருக்கிறது, ஆகவே தண்ணீர்தான். கறுப்புக் கிரனைட்டும் ஓரத்தில் ஒரு பலகையும் என்று முடிவு செய்துள்ளோம். கல்லை வீட்டிலேயே அளந்து வெட்டித் தருவதாக மேசன் சொல்கிறார். சரியா?

பதில் – தெஹிவளையிலிருந்து

வீட்டுக்குள்ளும் பல்கனியிலும் வெட்ட விடாதீர்கள். கல் வெட்டும்போது எழும் சிலிக்காத் தூசு நுரையீரலைக் கெடுப்பது. குவாட்ஸ் பலகையில் சிலிக்கா மிக அதிகம் என்பதால்தான் அவுஸ்திரேலியா 2024 யூலை 1 முதல் அதைத் தடைசெய்தது. கிரனைட்டில் சிலிக்கா குறைவுதான், இல்லாமல் இல்லை. அலுமாரிகளைப் பொருத்தி முடித்த பிறகு அட்டையில் அச்செடுத்து, பட்டறையில் தண்ணீர் விட்டு வெட்டுவிக்க வேண்டும். சிங்க், அடுப்புத் துவாரங்களின் உள்மூலைகளைச் சதுரமாக விடாமல் வளைத்து வெட்டச் சொல்லுங்கள். வெடிப்பு அந்த மூலைகளில்தான் தொடங்கும். 20 மில்லிமீற்றர் கிரனைட் ஒரு சதுர மீற்றருக்கு 54 கிலோ அளவில் இருக்கும். லிப்டின் உள்ளளவையும் தாங்கும் எடையையும் முன்கூட்டியே பார்த்து, இரண்டு கல் துண்டுகள் சேரும் பொருத்து எங்கே வரவேண்டும் என்று தீர்மானியுங்கள். அது சிங்கின் மேல் மட்டும் வரக்கூடாது.

கேள்வி கேட்டவர்

கடைசியாக ஒன்று. மாமியின் மனம் கோணாதிருக்கச் சாமித்தட்டுக்கு மட்டும் மாபிள் போடலாமா?

பதில் – கொட்டாஞ்சேனையிலிருந்து

தாராளமாகப் போடலாம். விளக்கெண்ணெய் மாபிளில் ஊறினால் எடுப்பது கடினம், ஆகவே விளக்கின் கீழ் ஒரு தாம்பாளம் வையுங்கள். குங்குமத்தையும் கிண்ணத்தில் வைப்பது நல்லது.