400 மீட்டர்லயே நாக்கு தள்ளுது, 5 கிலோமீட்டர் எப்படிங்க ஓடறது?

வாய்க்காமேட்டுக்காரன்:
வணக்கமுங்க. வயசு 34, திருப்பூர்ல பனியன் கம்பெனி, நாள் பூரா உக்காந்தே வேலை. தொப்பை விழுந்துருச்சேன்னு பெருந்துறைப் பக்கம் கீழ்பவானி வாய்க்கா மேட்டுல வெடியால ஓட ஆரம்பிச்சு மூணு வாரமாச்சு. போன்ல பாத்தா 400 மீட்டர் ரெண்டே நிமிசத்துல போயிர்றேன், அதோட சரி, இடுப்புல கைய வெச்சு நின்னுக்கறேன், பால் ஊத்தப் போற ஆத்தா ஒருத்தரு "ஏங்கண்ணு, நாய் தொரத்துச்சா"ன்னு கேக்கறாங்க. தம் புடிக்க என்ன பண்றதுங்க?

காக்கி_கனவு:
ஏனுங்ண்ணா, உங்க தம்முல கொறையில்ல, வேகந்தான் எச்சு. 400க்கு 2 நிமிசம்னா கிலோமீட்டருக்கு 5 நிமிசம். போலீஸ் செலக்சன்ல 1500 மீட்டர 7 நிமிசத்துல முடிக்கோணும், அது கிலோமீட்டருக்கு 4 நிமிசம் 40 செகண்டு, அதுக்குன்னே மாசக்கணக்கா ஓடுன எங்களுக்கே நாக்கு தள்ளுச்சு, நீங்க மூணாவது வாரத்துல அதுக்குப் பக்கத்துல போயி நின்னுக்கிட்டு தம் இல்லீங்கறீங்க. ஓடிக்கிட்டே ஒறம்பரை வூட்டுக் கல்யாணக் கதைய நிறுத்தாமப் பேச வருதா, அதான் உங்க வேகம். 1 நிமிசம் ஓடுங்க, ஒன்றரை நிமிசம் நடங்க, மொத்தம் 20 நிமிசம், வாரத்துக்கு மூணு நாள் போதும். ஓடற நேரத்த அப்புறமா கொஞ்சங் கொஞ்சமா ஏத்திக்கலாம்.

ரேஸ்கோர்ஸ்_அக்கா:
தம்பி சொல்றது நெசந்தானுங்க. நான் கோயமுத்தூர் ரேஸ்கோர்ஸ்ல ஒரு ரவுண்டு, சுமார் ரெண்டரை கிலோமீட்டர், நிக்காம முடிச்ச சந்தோசத்துல தெனமும் ஓடுனேன், பத்தாம் நாளு மொழங்காலுக்குக் கீழ முன்னெலும்பு ஓரமா ஒரே வலி, ரெண்டு வாரம் வூட்லயே கெடந்தேன். மூச்சு சீக்கிரம் பழகிக்கும், எலும்பும் தசைநாரும் நிதானமாத்தான் வரும். அதனால நடுவுல ஒரு நாள் விட்டு ஓடுங்க, ஒரே எடத்துல வலிச்சு, ஓடாதப்பவும் நோவுச்சுன்னா டாக்டர்கிட்டக் காட்டிருங்க.

கம்மங்கூழ்:
இத்தன கணக்கு எதுக்குங்க, வெடியால ரெண்டு சொம்பு கூழக் குடிச்சுப்போட்டு ஓடுங்க, தன்னால வரும்.

காக்கி_கனவு:
கூழு ஓடி முடிச்சப்பறங்ண்ணா, இல்லீன்னா வவுத்துக்குள்ள தளக்கு தளக்குங்கும் 😄

வாய்க்காமேட்டுக்காரன்:
இன்னிக்கு அப்படியே ஓடுனேனுங்க, 1 நிமிசம் எட்டுத் தடவ, ஒருக்காகூட குனிஞ்சு நிக்கலீங்க. ஆத்தாதான் வண்டிய நிறுத்தி "ஏங்கண்ணு, கால்ல அடி கிடி பட்டுருச்சா, இப்படிப் போறே"ங்கறாங்க.