ஆறு பேர் அடித்த வழக்கில் பிஎன்எஸ் 117(4) பிரிவைச் சேர்க்க முடியுமா? உதவி தேவை

வணக்கம். நானும் என் துணைவரும் தன்பால் ஈர்ப்பாளர்கள். மதுரைப் பக்கம் ஒரு சிற்றூர். மூன்று வாரத்துக்கு முன்பு, இரவு பத்து மணி வாக்கில், ஆறு பேர் வழிமறித்து அடித்தார்கள். நாங்கள் சேர்ந்து வாழ்வதைச் சொல்லிச் சொல்லியே அடித்தார்கள். அவருக்கு முழங்கை எலும்பு முறிந்துவிட்டது. எக்ஸ்ரே, மருத்துவமனைச் சீட்டு எல்லாம் இருக்கிறது.

காவல் நிலையத்தில் முதலில் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும்தான். மேலதிகாரிக்குப் பதிவுத் தபால் அனுப்பிய பிறகே எஃப்.ஐ.ஆர். போட்டார்கள். அதிலும் பிஎன்எஸ் (ஐ.பி.சி.-க்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா) 115(2) (காயம்), 117(2) (கொடுங்காயம்) மட்டுமே. ஏதோ குடித்துவிட்டு நடந்த அடிதடி போல எழுதியிருக்கிறார்கள். ஏன் அடித்தார்கள் என்று ஒரு வரி கூட இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

2019 திருநர் சட்டத்தைக் காட்டினேன். நீங்கள் திருநர் இல்லையே, பொருந்தாது என்றார் வக்கீல். சரிதான். 2022-இல் தமிழ்நாடு கொண்டுவந்த நடத்தை விதி, போலீஸ் நம்மைத் துன்புறுத்தக் கூடாது என்கிறது. அடித்தவர்களுக்கு அது பொருந்தாது.

அப்புறம் 117(4) கண்ணில் பட்டது. ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து இனம், சாதி, பாலினம், மொழி போன்ற காரணத்துக்காகக் கொடுங்காயம் செய்தால் ஏழாண்டு வரை சிறை. பாலீர்ப்பு என்ற சொல் அதில் இல்லை. ‘அதுபோன்ற வேறு காரணம்’ என்று மட்டும் இருக்கிறது. ஆனால் தன்பாலுறவைக் குற்றமாக்கிய ஐ.பி.சி. 377 பற்றிய 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் நீதிபதி இந்து மல்ஹோத்ரா, அரசியல் சட்டத்தின் 15-ஆம் பிரிவிலுள்ள ‘பாலினம்’ பாலீர்ப்பையும் உள்ளடக்கும் என்று எழுதியிருக்கிறார்.

இந்த வாதத்தை வைத்து 117(4)-ஐச் சேர்க்கச் சொல்லி யாராவது மாஜிஸ்திரேட்டிடம் மனு போட்டிருக்கிறீர்களா?