1572 பாரிஸ் திருமணம் பகையைத் தீர்க்காமல் போனது ஏன்?

கேள்வி: கயல்

பிரான்சு மன்னர் ஒன்பதாம் சார்லசின் தங்கை மார்கரீத்துக்கும், புராட்டஸ்டண்டு தரப்பின் இளம் தலைவரான நவார் அரசர் ஹென்றிக்கும் 1572 ஆகஸ்ட் 18 அன்று நோத்ர தாம் பேராலயத்தின் முன் திருமணம் நடந்தது. பத்தாண்டு உள்நாட்டுப் போரால் களைத்துப்போன இரு தரப்பையும் இணைக்கவே இந்தச் சம்பந்தம் பேசப்பட்டது என்று படித்தேன். ஆனால் மணவிழாவுக்கு வந்திருந்த புராட்டஸ்டண்டு பிரபுக்கள் ஆறே நாள்களில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். மணவுறவு கொண்ட இரு குடும்பங்களும் உண்மையில் பகைக் குடும்பங்கள்தாமா? மணமகளின் சம்மதத்தை யாரேனும் கேட்டார்களா?

பதில் 1: பழஞ்சுவடி

தங்கள் முதல் கேள்விதான் இதில் முக்கியமானது. மணமகளின் வாலுவா குடும்பம், மணமகனின் பூர்பொன் குடும்பம் ஆகிய இரண்டும் ஒரே அரச மரபின் கிளைகள். ஹென்றியின் பாட்டி, மார்கரீத்தின் பாட்டனார் முதலாம் பிரான்சுவாவுக்கு உடன்பிறந்த அக்காள். அதிகாரப் போட்டியும் மதப் பிளவும் அவர்களைப் பிரித்தன என்றாலும், இரத்தப்பழி வேறு இரு குடும்பங்களுக்கு இடையே இருந்தது. 1563-இல் கத்தோலிக்கத் தரப்பின் தலைவரான கீஸ் கோமகன் பிரான்சுவா சுட்டுக் கொல்லப்பட்டபோது, அதற்குப் பின்னால் இருந்தவர் புராட்டஸ்டண்டு தளபதி கொலின்யி என்று கீஸ் குடும்பம் உறுதியாக நம்பியது. கொலின்யி மறுத்தார், 1566-இல் அரசவையும் அவரைக் குற்றமற்றவர் என்று அறிவித்தது. ஆனாலும் இறந்தவரின் மகன் அதை ஏற்கவில்லை. இந்தப் பகையைத் தீர்க்க எதுவும் செய்யாமல், பழிவாங்கக் காத்திருந்தவரையும் அவருடைய இலக்கையும் ஒரே நகரில் விருந்துக்குக் கூட்டிவிட்டார்கள். 22-ஆம் தேதி கொலின்யி சுடப்பட்டுக் காயமுற்றார். 24-ஆம் தேதி விடியுமுன் கீஸின் ஆட்கள் அவருடைய அறைக்குள் புகுந்து கொன்றபோது, இளைய கோமகன் கீழே முற்றத்தில் நின்றிருந்தார்.

பதில் 2: நெய்தல்

சம்மதத்தைப் பொறுத்தவரை மார்கரீத்தின் நினைவுக்குறிப்புகளே நமக்குச் சாட்சி. தாய் காத்தரின் தெ மெடிச்சி இப்பேச்சை எடுத்தபோது, தனக்கென்று வேறு விருப்பம் இல்லை என்றும், ஆனால் தான் உறுதியான கத்தோலிக்கர் என்பதை நினைவில் கொள்ளுமாறும் அவர் கேட்டுக்கொண்டதாக எழுதியிருக்கிறார். பத்தொன்பது வயதுப் பெண் அந்த அரசவையில் இதற்கு மேல் எவ்வாறு மறுத்திருக்க முடியும்? இதை நான் மறுப்பாகவே வாசிக்கிறேன். 1599-இல் அத்திருமணம் செல்லாது என்று அறிவிக்கப்பட்ட வழக்கிலும், தாயும் தமையனும் வற்புறுத்தியதால்தான் மணந்ததாக அவர் கூறினார்.

கயல்

நன்றி. அப்படியானால், வற்புறுத்தலுக்கு இணங்கி மணந்த கணவரைப் படுகொலைக்குப் பின் அவர் எளிதாக விட்டுவிலகியிருக்கலாமே?

பதில் 3: பழஞ்சுவடி

அந்த வாய்ப்பு உடனேயே வந்தது. சில நாள்களில் தாய் அவரைத் தனியே அழைத்து, கணவர் ஆண்மையுள்ளவர்தானா என்று விசாரித்து, இல்லையெனில் திருமணத்தை முறித்துவிடலாம் என்றார். நவார் அரசரோ அப்போது அரண்மனையில் கைதிபோல் இருந்தார். மதம் மாறினால்தான் உயிர் மிஞ்சும் என்ற நிலை. தங்களைப் பிரிப்பது அவருக்குத் தீங்கு செய்வதற்காகவே என்று சந்தேகித்த மார்கரீத், தாய் எதைக் கேட்கிறார் என்றே தமக்குப் புரியவில்லை என்று சொல்லி, தம்மை இத்திருமணத்தில் சேர்த்தவர்கள் இதிலேயே இருக்க விடட்டும் என்று விடையளித்தார்.