தாழ்ந்த குரல் உள்ள பெண்களுக்கு எளிதான ஜப்பானியக் கரோக்கே பாடல்கள் எவை?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். நான் ஒசாகாவில் ஓர் அலுவலகத்தில் பணிபுரிகிறேன். டிசம்பரில் ‘போனென்காய்’ என்னும் ஆண்டிறுதி விருந்து முடிந்த கையோடு, ‘நிஜிகாய்’ என்று சொல்லப்படும் இரண்டாம் சுற்றுக்குக் கரோக்கே அறைக்குச் செல்வது எங்கள் பிரிவின் வழக்கம். மெதுவாகச் செல்லும் பாடல் எளிதாகத்தான் இருக்கும் என்று நம்பி, சென்ற ஆண்டு மிசோரா ஹிபாரியின் ‘காவா நோ நாகாரே நோ யோ நி’ (1989) பாடலைத் தேர்ந்தெடுத்தேன். தாழ்ந்த குரலில் நிம்மதியாகத் தொடங்கிய பாட்டு பல்லவியில் திடீரென்று மேலே தாவியது. என் குரல் தாவவில்லை. மீதிப் பாட்டை மேலாளர்தான் பாடி முடித்தார்.

சிறுவயதில் இரண்டு ஆண்டுகள் பாட்டு கற்றிருக்கிறேன். என் சுருதி நான்கரைக் கட்டை. மேல் ஸ்தாயியில் மத்தியமத்தைத் தொடுவதற்கே திணறுவேன். ஹிராகனா என்னும் ஜப்பானிய ஒலியெழுத்தை மெதுவாகப் படிக்க முடியும், கன்ஜி என்னும் சீன வழி எழுத்துகள் மிகக் குறைவாகவே தெரியும். இந்த நிலையில் உள்ள ஒரு பெண் துணிந்து எடுக்கக்கூடிய பாடல்களைச் சொல்லி உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

முதல் பதில்

வணக்கம் தோழி. மெதுவான பாடல் எளிது என்பது பலரும் ஏமாறும் இடம். பாட்டு மெதுவாகப் போகப் போக ஒவ்வொரு சுரத்தையும் நெடுநேரம் தாங்கிப் பிடிக்க வேண்டியிருப்பதால், மூச்சுக் குறைவும் சுருதி நழுவலும் அதில்தான் அப்பட்டமாகத் தெரியும். அதிலும் நீங்கள் எடுத்த பாடல், பல்லவியில் பொய்க்குரலுக்கு ஏறி மீண்டும் மெய்க்குரலுக்கு இறங்குவது. எங்கா என்னும் ஜப்பானிய உருக்கப் பாடல்களில் தேர்ந்த ஹிபாரிக்கு இயல்பாக வந்த அந்த ஏற்ற இறக்கம் நமக்கு ஒரு மாலையில் வந்துவிடாது.

ஆகவே பாடலின் வேகத்தை விட்டுவிட்டு, அதன் மிகத் தாழ்ந்த சுரத்திற்கும் மிக உயர்ந்த சுரத்திற்கும் இடையே எவ்வளவு தொலைவு இருக்கிறது என்று பாருங்கள். உயர்ந்த சுரம் பெரும்பாலும் பல்லவியில்தான் இருக்கும். அங்குள்ளவர்கள் அதைச் ‘சபி’ என்பார்கள். நம் மொழியில் அச்சொல்லுக்கு உள்ள பொருளை எண்ணி அஞ்ச வேண்டாம். பல்லவியை முணுமுணுத்துப் பார்த்துத் தொண்டை இறுகினால், அந்தப் பாடலைக் கைவிடுவதற்கு முன்பு சுருதிப் பொத்தானை நினைத்துக்கொள்ளுங்கள். டாம், ஜாய்சவுண்ட் ஆகிய இரு வகை இயந்திரங்களிலும் அது உண்டு. ஒருமுறை அழுத்தினால் ஓர் அரைச்சுரம், அதாவது ஏறத்தாழ அரைக் கட்டை, நகரும். இரண்டு மூன்று முறை கீழே இறக்கினால் யாரும் குறையாக நினைக்கமாட்டார்கள். பெரும்பாலும் கவனிக்கவே மாட்டார்கள்.

உங்கள் குரலுக்கு நான் முதலில் சொல்வது கிரோரோ இருவர் குழுவின் ‘மிராய் எ’ (1998). தாயை நினைத்துப் பாடும் பாடல். சொற்கள் எளியவை, அடிகளுக்கிடையே மூச்சு வாங்கத் தாராளமாக இடம் இருக்கிறது. அடுத்தது அய்ம்யோனின் ‘மாரிகோல்ட்’ (2018). அவருடைய குரலே தாழ்ந்தது என்பதால், சரணங்கள் பேசுவதுபோல் போய்விடும். தாகேஉச்சி மரியாவின் ‘பிளாஸ்டிக் லவ்’ (1984) பாடலும் தாழ்ந்த குரலுக்கு ஏற்றதுதான், ஆனால் ஏறத்தாழ ஐந்து நிமிடம் ஓடும். விருந்தில் ஐந்து நிமிடம் என்பது நீண்ட நேரம். யோஅசோபியின் ‘யொரு நி ககெரு’ (2019) எவ்வளவு பிடித்திருந்தாலும் தனியறையில் வைத்துக்கொள்ளுங்கள். சொற்கள் நெருக்கியடித்துக்கொண்டு வரும், போதாக்குறைக்குப் பிற்பகுதியில் சுருதியும் மாறும்.

இரண்டாம் பதில்

மேலே எழுதியவர் பெண்கள் பாடிய பாடல்களோடு நின்றுவிட்டார். தாழ்ந்த குரல் உள்ள பெண்ணுக்கு, உச்சக் குரலில் ஆண்கள் பாடிய பாடல்கள் அதைவிடப் பொருந்தும் என்பது என் அனுபவம். ஸ்பிட்ஸ் குழுவின் ‘செர்ரி’ (1996) இதற்கு நல்ல சான்று. அதன் பாடகர் குசானோ மசாமுனேயின் குரல் உயரமானது என்பதால், அதே சுருதியில் பாடினாலும் உங்களுக்குச் சற்றே தாழ்வாகத்தான் இருக்கும். இரண்டு மூன்று அரைச்சுரம் ஏற்றிக்கொண்டால் சரியாக அமையும். ஆனால் கட்டைக் குரல் ஆண்களின் பாடல்களில் இது பலிக்காது. அவர்கள் பாடும் இடத்திலேயே பாடினால் உங்கள் குரல் அடியில் புதைந்துபோகும், ஒரு ஸ்தாயி மேலே போனால் கிழியும். நான்கைந்து அரைச்சுரம் நகர்த்தினால்தான் இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் கிடைக்கும்.

ஆண்கள் தம்மைச் சுட்டும் ‘பொகு’ என்ற சொல் வருகிறதே என்று தயங்க வேண்டாம். ஜப்பானியப் பாடகிகளே அச்சொல்லை வைத்துப் பாடுகிறார்கள்.

சாகாமோதோ க்யூவின் ‘உஎ ஒ முஇதெ அருகோ’வையும் (1961) சேர்த்துக்கொள்ளுங்கள். பாட்டு கற்றவர் என்கிறீர்கள். அதன் தொடக்க அடிகளைப் பாடிப் பாருங்கள், பெரும்பாலும் மோகனத்தின் ஐந்து சுரங்களுக்குள்ளேயே உலவுவதால் காது உடனே பிடித்துக்கொள்ளும். 1963-இல் ‘சுகியாகி’ என்ற பெயரில் அமெரிக்கப் பட்டியலின் முதலிடத்திற்கே சென்ற அந்தப் பாடலை அறியாதவர் உங்கள் அலுவலகத்தில் இருக்கமாட்டார். நீங்கள் தடுமாறினாலும் அறையே உடன் பாடும். இடையில் சீழ்க்கை வரும் இடத்தில் ஓய்வும் கிடைக்கும்.

மூன்றாம் பதில்

குரலைப் பற்றி இருவரும் சொல்லிவிட்டார்கள். நான் உச்சரிப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனெனில் தாளம் தப்புவது பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. நீங்கள் எழுதிய தலைப்பையே பாருங்கள்: ‘காவா நோ நாகாரே’ அன்று, ‘கவ நொ நகரெ நொ யோ நி’. அதில் ‘யோ’ ஒன்றுதான் நெடில். நம் இலக்கணத்தில் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று படித்தோமே, ஜப்பானிய மொழியும் அதே கணக்கில்தான் நடக்கிறது. ‘ஒபசன்’ என்றால் அத்தை, ‘ஒபாசன்’ என்றால் பாட்டி. எ, ஒ ஆகியவற்றின் குறிலும் நெடிலும் நம் எழுத்தில் தனித்தனியே இருப்பதால், வரிகளைத் தமிழில் எழுதிவைத்துப் பழகுவது உண்மையில் உதவும். ஒரு முக்கிய மாற்றம் உண்டு: நமக்கு அரை மாத்திரையாகிய ‘ன்’ அங்கே முழு மாத்திரை பெறும். ‘ஹொன்’ என்பது இரண்டு மாத்திரை. பாட்டில் அந்த ‘ன்’னுக்கே தனிச் சுரம் கிடைப்பதுண்டு. அதை விழுங்கினால் அடுத்த சொல் முந்திக்கொள்ளும்.

தமிழ் எழுத்தில் ‘க’வின் இரு ஒலிகளும், ‘த’வின் இரு ஒலிகளும் ஒன்றாகிவிடுவதால், மெல்லொலி (g, d) வரும் இடங்களில் அடிக்கோடு இட்டுக்கொள்ளுங்கள். கன்ஜியைப் பற்றிக் கவலை வேண்டாம். திரையில் அதன் மேலேயே ஹிராகனா சிறிதாக வரும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. நேற்று ‘ஹிதொகரா’ எனப்படும் தனியாள் கரோக்கேவுக்கு அறை ஒன்றை எடுத்து எல்லாவற்றையும் பாடிப் பார்த்தேன். ‘மாரிகோல்ட்’ இரண்டு இறக்கியும் கடைசிப் பல்லவியில் தொண்டை இறுகியது. ‘செர்ரி’ மூன்று ஏற்றியபோது நன்றாக அமைந்தது, ஆனால் இரண்டாம் சரணத்தில் நாக்குப் புரளவில்லை. ‘மிராய் எ’ மட்டும் முதலிலிருந்து முடிவு வரை தடையின்றி வந்தது. எனினும் ஆண்டிறுதிக் கொண்டாட்டத்தில் தாயைப் பற்றிய உருக்கமான பாடல் பொருந்துமா என்ற தயக்கம் இருக்கிறது.

முதல் பதில் எழுதியவர்

பொருந்தும், இடம் பார்த்துப் பாடினால் போதும். ஆட்டம் பாட்டத்துடன் ஒருவர் பாடி முடித்த உடனே எடுக்காதீர்கள். உணவு வந்து எல்லோரும் அமர்ந்திருக்கும் வேளையில் பதிவு செய்யுங்கள். சலிப்பு தெரிந்தால் இரண்டாம் பல்லவியோடு நிறுத்தும் பொத்தானை அழுத்திவிடலாம், அது அங்கே சாதாரணம். அறையைக் கலகலப்பாக்க ஏகேபி48 குழுவின் ‘கொய் சுரு ஃபார்ச்சூன் குக்கீ’யை (2013) இன்னொரு பெண்ணுடன் சேர்ந்து எடுங்கள். மைக் இரண்டு இருக்கும். உயர்ந்த இடங்களை அவரிடம் விட்டுவிட்டு நீங்கள் கையசைத்து ஆடலாம்.