கொக்குக்கள் பறக்குமா?

கொடிமல்லி: நேற்று ஒற்றன்72 எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. ‘வாழ்த்துக்கள்’ என்று எழுதும் பிள்ளையின் வீட்டில் அப்பாவும் அம்மாவும் தூங்குகிறார்களாம். நான் தூங்கவில்லை ஐயா. ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகள் ‘என் பொழுதுபோக்கு’ என்று காகிதம் மடிப்பதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினாள். கொக்கின் கழுத்தை நகத்தால் நீவி மடிக்கும் இடம் அத்தனை அழகு. கடைசியில், பாட்டிக்குக் கொக்கு ஒட்டிய அட்டையில் ‘வாழ்த்துக்கள்’ எழுதிக் கொடுத்ததாக ஒரு வரி. அவள் அப்பா வந்தார், சிவப்புப் பேனாவால் அந்த ‘க்’கைச் சுழித்தார், எழுந்து போனார். அப்புறம் அவள் நோட்டைத் தொடவே இல்லை. இதுதான் உதவியா?

ஒற்றன்72: அப்பாவுக்கு என் வணக்கம். வீட்டில் ஒருவராவது விழித்திருக்கிறார். ‘வாழ்த்துகள்’தான் சரி. இங்கே ‘கள்’ பன்மை விகுதி, தனிச்சொல் அல்ல. ‘க்’ போட்டால் வாழ்த்தோடு கள்ளையும் சேர்த்து ஊற்றிக் கொடுக்கிறீர்கள்.

மூன்றுசுழி: இந்தக் கள் ஜோக்கை இன்னும் எத்தனை வருடம் ஓட்டுவீர்கள் அண்ணே? எழுத்துப்பிழை, பாட்டுப்போட்டி என்று வன்தொடர்க் குற்றியலுகரத்துக்கு, அதாவது ‘த்து’, ‘ட்டு’, ‘க்கு’ என்று முடியும் சொல்லுக்குப் பின்னால் ஒற்று மிகுகிறதே, வாழ்த்துக்கு மட்டும் என்ன வந்தது? பூக்கள், பசுக்கள் எல்லாம் உங்கள் கண்ணில் படவில்லையா?

ஒற்றன்72: பூ நெடில். பசுவில் தனிக்குறிலை அடுத்து வந்த உகரம், ஒரு மாத்திரை முழுசாக ஒலிக்கும், அது முற்றியலுகரம். வாழ்த்தில் அரை மாத்திரைதான், அது குற்றியலுகரம். பிழைக்கும் போட்டிக்கும் தனியே பொருள் உண்டு, விகுதிக்கு உண்டா? அந்தப் பெண் மடித்தது என்ன? கொக்கு. அதுவும் வன்தொடர்தான். ‘கொக்குக்கள்’ என்று எழுதுவீர்களா?

மூன்றுசுழி: கொக்கு வேறு. காதுக்கு ஒத்துவராது.

ஒற்றன்72: காதா இலக்கணம்? எழுதுவீர்களா, மாட்டீர்களா?

நிழல்மரம்: காதும்தான். ‘க்’ இல்லாமல் எழுதினால் ‘மகள்’ என்பதில் வரும் ககரம் போல மெலிந்துவிடும். வாழ்த்தும்போது அப்படியா சொல்கிறோம்? நானும் வீட்டில் பிள்ளைகளுக்குக் கட்டுரை சொல்லிக்கொடுக்கிறவன்தான். முதல் தடவை எழுதியதில் ஒற்றுப்பிழையைத் தொடவே மாட்டேன். உரக்கப் படிக்கச் சொல்வேன். நாக்கு தடுக்குகிற இடத்தில் அவர்களே நிறுத்தி அடித்து எழுதுவார்கள். அதற்கும் பென்சில்தான், சிவப்பு மை கிடையாது.

ஒற்றன்72: பென்சிலால் திருத்தினால் பிழை சின்னதாகிவிடுமா? போன மாதம் ‘முயற்ச்சி’ என்று எழுதியவர் நீங்கள்தானே? ‘ற்’றுக்குப் பக்கத்தில் ‘ச்’சைக் கொண்டுபோய் உட்கார வைத்தவர் பாடம் நடத்துகிறார். இவர்களோடு பேசுவதற்குச் சுவற்றில் முட்டிக்கொள்ளலாம்.

நிழல்மரம்: சுவற்றிலா? சுவர் என்றால் சுவரில் ஐயா. சுவற்றில் முட்ட முதலில் ‘சுவறு’ ஒன்று கட்டவேண்டும்.

மூன்றுசுழி: அடடா! கொடிமல்லி அக்கா, வீட்டில் அந்தச் சிவப்புப் பேனா இருக்கிறதா? கொஞ்சம் இங்கே வேண்டும்.

ஒற்றன்72: தட்டச்சில் கை தவறியது. பேச்சை மாற்ற வேண்டாம். கொக்குக்கள்?

தாள்மடி: நடுவில் ஒரு சந்தேகம். அந்தக் கொக்கு சதுரத் தாளில்தானே? என் பையன் செய்தால் கழுத்து கோணிக்கொள்கிறது.

கொடிமல்லி: சதுரம்தான். முதல் குறுக்கு மடிப்பில் மூலையும் மூலையும் ஒட்டிப் பொருந்த வேண்டும். அங்கே நூலளவு பிசகினாலும் கடைசியில் கழுத்தில் வந்து நிற்கும். சரி, நான் கேட்டதற்கு யாராவது பதில் சொல்வீர்களா? இரண்டு பக்கம் எழுதிய குழந்தையிடம் நன்றாக இருக்கிறது என்று அந்த மனிதர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஒற்றன்72: நீங்கள் சொன்னீர்களா?

கொடிமல்லி: என் வீட்டு விஷயம் உங்களுக்கு எதற்கு?

ஒற்றன்72: அதை இங்கே கொண்டுவந்து வைத்தது நானா?

மூன்றுசுழி: இதைச் சுவற்றில் எழுதி மாட்டுங்கள் அண்ணே.

ஒற்றன்72: கை தவறியது என்றேனே. கொக்குக்கள். எழுதுவீர்களா, மாட்டீர்களா?